‘க’வில் தொடங்கும் பாட்டு

மோகனாவுக்குப் பாட்டு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மலாக்காவுக்குப் பக்கத்தில், புக்கிட் ரம்பாயில் ரேடியோ பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. லைனில் பக்கத்தில் உட்காரும் குஞ்சம்மா ஏதோ ஒரு மெட்டை முனகினால் போதும்; அது என்ன பாட்டு, அடுத்த அடி என்ன என்று மோகனா எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதனால், அந்தச் சனிக்கிழமை தம்பி தர்ஷன் தயங்கித் தயங்கி எதிரில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அக்கா, எனக்கு மூணு சாங் வேணும். இலக்கிய வேலை. சந்திராதேவி டீச்சர் சொல்லியிருக்காங்க.”

“என்ன மாதிரிப் பாட்டு?”

“முல்லை.”

தர்ஷன் படிவம் நான்கில், அதாவது பத்தாம் வகுப்பில், படித்தான். தமிழ் இலக்கியம் எடுத்திருந்தவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னக் கூட்டம்தான். மற்றப் பாடமெல்லாம் முடிந்தபிறகு, மத்தியானத்தில், மின்விசிறி ஓடாத ஒரு வகுப்பறையில் அவர்களுக்குப் பாடம் நடக்கும். அந்த வாரம் ஆசிரியை முல்லைத் திணையை நடத்தியிருந்தார். போனவன் வருவான் என்று வீட்டிலிருப்பவள் ஆற்றியிருப்பதுதான் முல்லை. அந்த உணர்ச்சி இன்றைக்கு உங்கள் வீட்டிலும் பஸ்ஸிலும் கடையிலும் கேட்கிற பாட்டுகளில் எங்கே இருக்கிறது, கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். ஆளுக்கு மூன்று பாட்டு. வியாழக்கிழமை வகுப்பின் முன்னால் வந்து நின்று, பாடாமல், கவிதையாக வாசித்துக்காட்டி விளக்கம் சொல்ல வேண்டும்.

“இதுக்கு எதுக்குடா வெளியில தேடணும்? நம்ம வீட்டிலேயே முல்லைதான்” என்று மோகனா சிரித்தாள். அவர்களுடைய அப்பா வீரமுத்துவுக்கு வடக்கே லாரி ஓட்டுகிற வேலை. மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான்.

அடுப்படியிலிருந்து அம்மா ராமாத்தாள் குரல் கொடுத்தாள். “யாருடி காத்துக்கிட்டு இருக்கா? மனுசன் வந்தா வரட்டும், வராட்டி அங்கேயே கிடக்கட்டும். எனக்கு வேலை இல்லையா?”

சொல்லிவிட்டு, மூன்று பேருக்கு அதிகமாகவே அரிசியை அளந்து களைந்தாள்.

அக்காவும் தம்பியும் பஸ் ஏறி மலாக்காவுக்குப் போனார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சிவசாமியின் கேசட் கடை. மோகனா அங்கே பழைய வாடிக்கை. வாங்குவது ஒன்று, கேட்டுவிட்டு வருவது பத்து. சிவசாமி முகம் சுளித்ததில்லை.

“வா தங்கச்சி. இன்னிக்கு என்ன?”

“தம்பிக்குப் பள்ளிக்கூட வேலைண்ணே. காத்திருக்கிற பாட்டா மூணு வேணும். நல்லா இருக்கணும்.”

சிவசாமி யோசிக்கவே இல்லை. மேல்தட்டிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார். பழைய படமொன்றில் வருகிற பாட்டு. வாத்தியம் அதிகம் இல்லை. ஒரு பெண்குரல், யாரிடமோ சண்டை போடுகிறாற்போல ஆரம்பித்தது.

*கதவைத் திறந்துவைத்தேன் காற்று வரட்டுமென்று*
*பாயை விரித்துவைத்தேன் பகல்தூக்கம் போடவென்று*
*சோறு மிகுந்துபோச்சு சும்மாதான் வடித்துவைத்தேன்*
*உனக்கென்று யார்சொன்னார் ஊரார்க்கு வேலையில்லை*

பாட்டு முடிகிறவரைக்கும் தர்ஷன் அசையவில்லை. தலையைச் சாய்த்துக் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்து மோகனா, ஒன்று முடிந்தது என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

“இது வேணாம்” என்றான் அவன்.

“ஏன்டா?”

“ரொம்ப ஓல்ட்.”

அடுத்து, தபால்காரன் வந்து போனதையே மூன்று சரணத்துக்குப் பாடுகிற ஒரு பாட்டு. அதற்கும் தலையை ஆட்டினான். “அது ரொம்ப நீளம்.” அடுத்தது, பனி விழுந்த பாதையைப் பார்த்து ஒருத்தி பாடுவது. “நல்லால்ல.” ஒவ்வொன்றையும் சிவசாமி போடப் போட, அவன் கடையின் மூலையைப் பார்த்து வேண்டாம் என்றான். கடைசியில் அவனாகவே ஒரு கேசட் அட்டையைத் திருப்பிப் பார்த்து, “இது ஓக்கே” என்று நீட்டினான்.

அது ஒரு மழைப்பாட்டு. ‘வானமே வாசலில் வா’ என்று தொடங்கி, ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து ஆடிக்கொண்டே இருப்பார்கள்.

“இதுல யாருடா காத்துக்கிட்டு இருக்கா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே ஆடுறாங்க?”

தர்ஷன் கொஞ்சம் யோசித்தான். “மழைக்கு” என்றான்.

சிவசாமி விழுந்து விழுந்து சிரித்தார். “தம்பி மார்க் வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு போல.”

மோகனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விடுமுறை நாளைக் கெடுத்துக்கொண்டு வந்து, இவனோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம்தான் வந்தது. ஒரு கேசட்டும் வாங்காமல் வெளியே வந்தார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்ததும் அவள் தோசையும் கோப்பியும் சொன்னாள்.

“உனக்கு என்னடா?”

தர்ஷன் பக்கத்து மேசையில் ஒருவர் பிய்த்துத் தின்றுகொண்டிருந்த தோசையைப் பார்த்தான். பிறகு, “எனக்கு மீ. மைலோ” என்றான்.

மைலோ பானத்தோடு, தட்டு நிறைய நூடுல்ஸாக மீ வந்தது. அதைக் குத்திக் கிளறிக்கொண்டே அக்காவின் தட்டைப் பார்த்தான்.

“தோசை வேணும்னா தோசைன்னு கேக்க வேண்டியதுதானே லா? எப்பப் பாரு மீ, மைலோ.”

மோகனா தோசையைப் பாதி பிய்த்து அவன் தட்டில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

தொழிற்சாலையில் அவளுக்குச் சோதனை மேசை. கழித்துப் போட்ட பொருள்களை ஒரு தட்டில் சேர்த்துவைத்து, எல்லாவற்றிலும் பொதுவாக என்ன கோளாறு என்று பார்ப்பதே அவள் வேலை. இப்போது தம்பி கழித்த பாட்டுகளைத் தானாகவே மனம் வரிசையாக அடுக்கியது. கதவு. தபால்காரன். பனி. எடுத்துக்கொண்டது, வானம். தோசை வேண்டாம், மீ. கோப்பி வேண்டாம், மைலோ. பாட்டு என்று அவன் வாயால் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று? சாங். பழசு இல்லை, ஓல்ட்.

“தர்ஷன்,” என்றாள் மெதுவாக, “தோசைன்னு ஒருதடவ சொல்லு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். நாக்கு மேல்பல்லில் போய் ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் ஒருபக்கமாகச் சுருங்கியது. சத்தம் வரவில்லை.

“வேணாம்டா, சொல்ல வேணாம். சாப்பிடு” என்றாள் மோகனா அவசரமாக. தன் வாயையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சின்ன வயதில் அவனுக்குத் திக்குவாய் இருந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்போது அவர்கள் ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார்கள். ராமாத்தாள் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். ஒரு தைப்பூசத்துக்கு மொட்டையும் போட்டாயிற்று. அதன்பிறகு பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். கொஞ்சம் பேச்சுக் குறைவான பையன், அவ்வளவே.

பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வரும்போது தர்ஷன் ஜன்னலைப் பார்த்தபடி பேசினான். அவன் அவ்வளவு நேரம் பேசி மோகனா கேட்டதில்லை. இந்தமுறை சொற்களை மாற்றவில்லை. முட்டி நின்ற இடத்தில் நின்று, முட்டித் தள்ளிக்கொண்டு வந்தான்.

“ப்... ப்... போகலக்கா. நான் ஒளிச்சு வச்சிருக்கேன்.”

க, ப, த மூன்றும்தான் எதிரி. ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன்னால் அவன் மனத்துக்குள் ஓடிப்போய் அந்த எழுத்துகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துவிட்டு வருவான். இருந்தால் வேறு சொல் தேடுவான். கிடைக்காவிட்டால் பேசமாட்டான். இப்படியே ஓட்டிவிட்டான். ஆனால் சொந்தப் பேருக்கு வேறு சொல் கிடையாதே. போன மாதம் மலாய்மொழி வாய்மொழிச் சோதனையில், முதலில் பெயரைச் சொல் என்றார்கள். தர்ஷன் என்று சொல்ல வரவில்லை. நின்றுகொண்டே இருந்தான். சொந்தப் பேரே மறந்துபோச்சா என்று எவனோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அந்த ஆசிரியரும் வேடிக்கை செய்கிறான் என்று நினைத்து உட்காரச் சொல்லிவிட்டார்.

“அம்மாகிட்ட ஏன்டா சொல்லல?”

“மறுபடியும் மொட்டை ப்... போடுவாங்க.”

மோகனா சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண்ணும் நனைந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, “நான் டீச்சர்கிட்ட பேசட்டுமா? சொன்னா புரிஞ்சுக்குவாங்க” என்றாள்.

“வேணாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு.”

அவள் செய்துகொடுத்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனவள், இதையும் ஒரு சோதனைமேசை வேலையாகவே எடுத்துக்கொண்டாள். காத்திருக்கிற பாட்டாக இருக்க வேண்டும். க, ப, த இருக்கக் கூடாது, இருந்தாலும் அடியின் தொடக்கத்தில் வரக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் அவள் இதைச் சொன்னதும் குஞ்சம்மா விழித்தாள்.

“இது என்னாடி புதுசா இருக்கு? ‘க’ என்ன பாவம் பண்ணுச்சு?”

“சும்மா ஒரு போட்டிக்கா.”

போட்டி என்றதும் மேசையே சூடாகிவிட்டது. ஆளுக்கொரு பாட்டை எடுத்துவிட்டார்கள். ஒருத்தி பாட ஆரம்பிப்பாள், இரண்டாவது அடியில் ‘காதல்’ வந்து நிற்கும், எல்லாரும் ஓவென்று கத்துவார்கள். காதல் வராத காத்திருப்புப் பாட்டுக்கு எங்கே போவது? தமிழ் புரியாமல் பக்கத்தில் இருந்த மலாய்க்காரி ஃபரிடாகூட மேசையைத் தட்டித் தாளம் போட்டாள். மணி அடிக்கிற நேரத்துக்கு எப்படியோ மூன்று தேறின. மாலை வந்து நிற்பதைப் பற்றி ஒன்று, வராத ரயிலைப் பற்றி ஒன்று, விளக்கோடு பேசுவதாக ஒன்று.

வேலை முடிந்து வந்ததும் தம்பியை உட்காரவைத்து அவளே பாடிக்காட்டினாள். அவன் கவனமாகக் கேட்டான். எழுதிக்கொள்ளவில்லை.

“எப்படி? எல்லாம் உன் வாய்க்கு வரும். பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கேன்.”

“வரும்க்கா. ஆனா மூணும் சுமார்.”

“சுமாரா?”

“மாலை வந்துச்சு நீ வரல, ரயில் வரல நீயும் வரல. அதத்தான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க.” கொஞ்சம் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டான். “அந்தக் க்... க்... கதவுப் பாட்டு அப்படி இல்ல.”

“அதைத்தானே நீ முதல்ல கழிச்ச!”

“நல்லால்லன்னா கழிச்சேன்? அன்னிக்குக் கேட்டதுலயே அதுதான் உசத்தி. எனக்குத் தெரியாதா?”

பிறகு அவன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். அந்தப் பாட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று எங்கேயும் இல்லை. காத்திருக்கவே இல்லை என்றுதான் அவள் சாதிக்கிறாள். கதவு காற்றுக்கு, பாய் தூக்கத்துக்கு, சோறு சும்மா. பாட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை; பிறகு ஏன் அவ்வளவு காரணம் சொல்கிறாள்? முன்பே யாரோ கேட்டிருக்கிறார்கள், ஊர் பேசியிருக்கிறது, ரொம்ப நாளாகப் பேசியிருக்கிறது. அதுவும், கடைசி அடியில் மட்டும் ‘உனக்கென்று’ என்று வருகிறது. அதுவரைக்கும் ஊருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், எதிரிலேயே இல்லாத அவனைப் பார்த்துத் திடீரென்று பேசிவிடுகிறாள். அந்த ஒரு சொல்லில் எல்லாப் பொய்யும் உடைந்துபோகிறது.

இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “அம்மா மாதிரி” என்றான்.

மோகனா எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. ஒவ்வொரு அடியும் மனப்பாடம். இந்த ‘உனக்கென்று’ மட்டும் இத்தனை காலமும் அவள் காதில் விழவே இல்லை.

“அப்ப அதையே எடுத்துக்க. ஒண்ணு பண்ணலாம். பாடிரு. பாடும்போது உனக்குத் திக்காதுல்ல?”

உண்மைதான். அவன் அங்கேயே அந்த நாலு அடியையும் மெல்லப் பாடினான், ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. ஆனால் தலையை ஆட்டினான். “டீச்சர் வாசிக்கத்தான் சொன்னாங்க. பாடிட்டா மட்டும் போதுமா? அப்புறம் விளக்கம் சொல்லணுமே. விளக்கத்தையும் பாடவா?”

அதனால் அடுத்த நாளிலிருந்து அவன் வாசித்தே பழகினான். ‘க’வில் அவன் முட்டி நிற்கும்போதெல்லாம் மோகனாவின் வாய் தன்னால் ‘கதவை’ என்று எடுத்துக் கொடுத்துவிடும். மூன்று நான்கு தடவை பொறுத்துப்பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “முந்தாதக்கா. நீ முந்துனா எனக்கு இன்னும் மோசமாகுது.” அதன்பிறகு அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லைனில் நாளெல்லாம் வேலை செய்வதைவிட அது கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அவள் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது சந்திராதேவி டீச்சரே எதிரில் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மலாக்காவில் இரண்டு தலைமுறை ஆகியும் பேச்சு மாறவில்லை.

“நீர் தர்ஷனின்ட அக்கா அல்லவோ? உம்மட தம்பி எழுத்தில நல்ல கெட்டிக்காரன். வகுப்பில ஒண்டைக் கேட்டால் மட்டும் எழும்பி நிண்டு நிலத்தைப் பாக்கிறான். சொல்லத் தெரியாமல் இல்லை, சொல்ல மனமில்லை. அந்தப் பிடிவாதம்தான் எனக்குக் கவலை.”

பிடிவாதமா! மோகனாவுக்கு நெஞ்சு கொதித்தது. எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட வாயெடுத்தாள். செய்துகொடுத்த சத்தியம் குறுக்கே நின்றது.

“டீச்சர்,” என்றாள், “நாளைக்கு அவனுக்குக் கொஞ்சம் கூட நேரம் கொடுங்க. அவ்வளவுதான்.”

“எல்லாருக்கும் பத்து நிமிசம்தான் பிள்ளை.” சொல்லிவிட்டு ஆசிரியை அவள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். “சரி, பாப்பம்” என்று போய்விட்டார்.

வியாழக்கிழமையிலிருந்து மோகனாவுக்கு இரவு ஷிப்ட். பகலில் தூங்கியிருக்க வேண்டும், கண் மூடவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக அவள் நடந்ததைப் பார்த்து ராமாத்தாள், “என்னாடி, யாரைத் தேடுற?” என்று கேட்டாள். சும்மா என்றாள் மகள்.

தர்ஷன் வெயில் தாழ்ந்துதான் வந்தான். பையை வைத்தான், கையைக் கழுவினான், தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்னாச்சு?”

“ஒரு ப்... பாட்டுதான் முடிஞ்சுது. மத்த ரெண்டுக்கும் நேரம் இல்ல. அடுத்த வாரம் மறுபடியும் நிக்கணும்.”

ராமாத்தாள் திரும்பிப் பார்த்தாள். மகன் திக்குவதை அவள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டிருந்தது. “என்னய்யா, என்ன ஆச்சு உனக்கு?” என்று பதறிக்கொண்டு வந்தவளை, மோகனா கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“ஒண்ணும் ஆகலம்மா. அவன் சொல்லட்டும்.”

அவன் சொன்னான். முதல் எழுத்திலேயே முட்டி நின்றுவிட்டான். டீச்சர் ‘கதவை’ என்று எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். டீச்சரையே கையைக் காட்டி நிறுத்திவிட்டோமே என்று அவனுக்கே பயமாகப்போய்விட்டது. ஆனால் அவர் கோபப்படவில்லை. மேசைமேல் இருந்த கைக்கடிகாரத்தை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, பின்பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பாடம் முடிகிற மணி அடிக்கிறவரைக்கும் அங்கேயேதான் இருந்தார். அவனுக்கு அடுத்து வாசிக்க இருந்த ரோகினிக்கு அன்றைக்கு வாய்ப்பே வரவில்லை.

“சிரிச்சாங்களா?” என்று கேட்டாள் மோகனா. கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சிரிச்சாங்க. ரெண்டு பேரு.” சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் யோசித்தான். “அப்புறம் நிறுத்திட்டாங்க. ரொம்ப நேரமாச்சுல்ல. எவ்வளவு நேரம்தான் சிரிப்பாங்க?”

மோகனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனே தொடர்ந்தான்.

“வெளியில வரும்போது டீச்சர் கூப்பிட்டு, பிடிவாதம்னு நினைச்சிட்டேன், மன்னிச்சுக்கோன்னாங்க. அக்கா நேரம் கேட்டாங்கன்னும் சொன்னாங்க.”

“நேரம்தான்டா கேட்டேன். சத்தியமா வேற ஒரு வார்த்தை—”

“தெரியும்க்கா.”

ராமாத்தாளுக்கு இதில் பாதி விளங்கவில்லை. அவள் பிடித்துக்கொண்டது வேறு. “அது என்னா பாட்டுய்யா, அவ்வளவு நேரம் எடுத்துச்சு? எனக்கும்தான் சொல்லேன்.”

தர்ஷன் அக்காவைப் பார்த்தான். கையில் சோறு அப்படியே இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தான். நாக்கு அடியில் போய் இறுகியது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் தொழிற்சாலை பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மோகனா எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை அடித்தது. டிரைவர் கத்தப்போகிறார் என்று தெரிந்தது. ராமாத்தாளின் உதடு மகனுக்காகத் துடிப்பதைப் பார்த்து, மோகனா அம்மாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கதவை,” என்றான் தர்ஷன், “த்... திறந்துவைத்தேன்.”

நாலு அடியும் முடிந்தபிறகுதான் மோகனா கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் ஓடினாள். பஸ் மெல்ல நகரத் தொடங்கியிருந்தது; பின்கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த குஞ்சம்மா எட்டிக் கையைக் கொடுத்து அவளை மேலே இழுத்துக்கொண்டாள்.